கடத்துகிறவன்

மாட்டைப் பற்றித் தார்மிகம் பேசக் கிளம்புகிறவனை நான் பொதுவாக நம்புவதில்லை. அடுத்தபடியாக அவன் எங்கே போய் நிற்பான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பசு புனிதமா இல்லையா என்பது இங்கே என் விஷயமல்ல. என்னைப் பொறுத்தவரை அந்தப் பசு காலையில் ஒரு லிட்டர் பால், சாயங்காலம் அரை லிட்டர். இந்தக் கட்டுரைக்குக் காரணம் பசுகூட அல்ல. நான் சொன்ன ஒரு வாக்கியம். ஐந்தே சொற்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் இத்தனை நாளாக அதைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும்.

நான் குடியிருப்பது திருமுல்லைவாயிலில், ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீட்டில். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ரயில் நிற்கிற இடம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். எங்கள் மனைகளுக்கு முன்னால் இங்கே வயல் இருந்தது. வயல் போன பிறகும் வயலின் தண்ணீர் போகவில்லை. ஐப்பசி கார்த்திகையில் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்து காலி மனைகளில் உட்கார்ந்துகொள்ளும். தை பிறந்தாலும் எழுந்திருக்காது. சந்துத் திருப்பத்தில் தகரம் போட்ட ஒரு மாட்டுக்கொட்டாய். இரண்டு கறவை, ஒரு கன்று. அதை வைத்திருக்கும் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். அவருடைய மாமனார் காலத்தில் இங்கே ஏர் ஓட்டியிருக்கிறார்கள். இப்போது எங்களுக்குப் பால் ஊற்றுகிறார்கள்.

2022ல் மழை ஓய்ந்த சமயம், கறுப்புப் பசுவின் கழுத்தில் நாலைந்து தடிப்புகள் வந்தன. கொசுக்கடி என்று நினைத்தார்களாம். பாதி உண்மை. மூன்றாம் நாள் கழுத்து, விலா, மடி என்று எங்கும் கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கழலைகள். கண்ணிலும் மூக்கிலும் நீர். முன்னங்கால் வீங்கி, படுத்தால் எழுந்திருக்க யோசிக்கும். பால் பாதியாயிற்று. “அம்மை போட்டிருக்கு சார். கொஞ்ச நாளைக்குப் பாலு கம்மியாத்தான் வரும்” என்றார் அந்த அம்மா. கொட்டாய் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

தோல் கழலை நோய் என்பது கால்நடைத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். 1929ல் இன்றைய ஜாம்பியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்ட நோய். ஆப்பிரிக்காவிலேயே பல பத்தாண்டுகள் கிடந்துவிட்டு மேற்காசியாவுக்கு ஏறி, 2019ல் ஒடிஷாவில் இந்தியாவுக்குள் தலைகாட்டியது. 2022ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் சாலையோரங்களில் மாடுகள் குவியலாகக் கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓராண்டில் நாடு முழுவதிலுமாக ஒன்றரை லட்சத்தை ஒட்டி மாடுகள் செத்ததாக அரசுக் கணக்கு. வைரஸ் ஆட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய பங்காளி என்பதால் ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாட்டுக்கும் போட்டார்கள். 1796ல் ஜென்னர் மாட்டம்மையை எடுத்து ஒரு பையனுக்குக் குத்தியதில் தொடங்கியது இந்த வழக்கம். மாடு நமக்குக் கொடுத்ததை இப்போது ஆடு மாட்டுக்குக் கொடுக்கிறது. (நாம் யாருக்கு என்ன கொடுத்தோம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.)

பரப்புவது கொசுவும், கடிக்கிற ஈயும், உண்ணியும். மனிதனுக்கு இது தொற்றாது. காய்ச்சிய பாலால் ஆபத்தில்லை. கடைசி இரண்டு வாக்கியங்களும் அன்று காலைத் தினத்தாளில் இருந்தன. நான் படித்தேன். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். பிறகு வாசலுக்கு வந்து எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன்: “அந்தம்மா மாட்டுக்கு ஏதோ வியாதியாம், பாத்துக்குங்க.”

மூன்று நாளில் ஏழு வீடுகள் பாலை நிறுத்தின. எட்டாவது வீடு என்னுடையது.

*

நோய் கடத்தும் பூச்சிகளைப் பற்றி மனிதன் முதலில் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று மாட்டு மந்தை. ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றைக் கிழித்து மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897ல். அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1893ல், தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அமெரிக்காவில் டெக்ஸாஸ் காய்ச்சலை உண்ணிதான் கொண்டுபோகிறது என்று நிரூபித்துவிட்டார்கள். அந்தக் கதை எனக்கு வேறொரு காரணத்துக்காக முக்கியம். டெக்ஸாஸிலிருந்து வடக்கே ஓட்டிக்கொண்டு போன மந்தைகள் திடமாக இருந்தன. அவை கடந்துபோன பாதையில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் செத்தன. திடமாக இருந்ததுதான் நோயைக் கொண்டுவந்தது. குழந்தையிலேயே காய்ச்சல் கண்டு தேறிய தெற்கத்தி மாட்டின் ரத்தத்தில் கிருமி சும்மா உட்கார்ந்திருந்தது. உண்ணி அதைக் கீழே இறக்கிப் புல்லில் விட்டது. வடக்கத்தி மேய்ப்பர்களில் சிலர் உண்ணியைச் சந்தேகப்பட்டார்கள். படித்தவர்கள் அதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

அதுவரை நோய் என்பது இருவர் சமாசாரம்: கொடுத்தவன், வாங்கியவன். அல்லது காற்று, சேறு, கர்மம். உண்ணி உள்ளே நுழைந்ததும் அது மூவர் விவகாரமாகிவிட்டது. இந்த மூன்றாவது ஆள் தத்துவத்துக்கு எவ்வளவு சங்கடமானவன் என்பதை நாம் இன்னும் சரியாக யோசிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. அவனுக்கு நோயில்லை, பகையில்லை. நோய் அவன் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். பெண்கொசுவுக்கு முட்டை வைக்க ரத்தம் வேண்டும். அது தேடுவது அதை மட்டும்தான். தமிழில் இதற்குக் ‘கடத்தி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். கடத்தல் என்றால் நமக்கு உடனே தங்கமும் சந்தனக்கட்டையும் ஞாபகம் வரும். கொசுவை நினைத்தால் அந்தச் சொல் அநியாயம். என்னை நினைத்தால் சரியாகத்தான் இருக்கிறது.

இதிலும் இரண்டு வகை சொல்கிறார்கள். மலேரியாக் கிருமி கொசுவின் உடம்புக்குள் போய், அங்கே பல நாட்கள் தங்கி, உருமாறி, முதிர்ந்து, பிறகுதான் எச்சிலுக்கு வருகிறது. அந்தக் கொசு ஒருவகையில் கிருமியை வளர்க்கிறது. கழலை நோயில் அப்படி இல்லை. பெரும்பாலும் கடிக்கிற ஊசிமுனையில் ஒட்டிக்கொண்டதை அடுத்த மாட்டின்மேல் துடைக்கிறது, அவ்வளவே. கழுவாத ஊசியால் குத்துகிற மாதிரி. நம் சிறுபத்திரிகை உலகத்தில் இந்த இரண்டாம் வகையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாரிஸில் கிளம்பிய ஒரு கோட்பாட்டைத் தனக்கு ஒரு டிகிரி காய்ச்சல்கூட வராமல் அடுத்தவனுக்கு ஏற்றிவிட்டுப் பறந்துபோகிற விமர்சகர்கள். அவர்களைக் கேலி செய்து நான் எழுதியும் இருக்கிறேன். என் ஐந்து சொற்கள் எந்த வகை என்று பார்த்தபோது அந்தக் கேலி எனக்கே திரும்பி வந்தது. நான் பயப்படவில்லை. பாலில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குள் எதுவும் தங்கவில்லை, முதிரவில்லை. காலை வேளையில் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் கிடைத்தது. சொன்னேன்.

இங்கே என் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். ஒருவர் குறுக்கிட்டும்விட்டார். ‘நீ சொன்னது உண்மை. மாட்டுக்கு வியாதி இருந்தது. எச்சரிப்பது கடமை. அதைக் கேட்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நீ எப்படிப் பொறுப்பு?’ தர்க்கம் கச்சிதமாக இருக்கிறது. கச்சிதமாக இருப்பதாலேயே எனக்கு ஒட்டவில்லை. எச்சரிக்கை என்பது கேட்கிறவனின் கையில் ஒரு காரியத்தைக் கொடுக்க வேண்டும்: பாலை நன்றாகக் காய்ச்சுங்கள், உங்கள் வீட்டுப் பின்னால் தேங்கிய தண்ணீரை வெட்டி விடுங்கள், அந்த அம்மாவை ஆவடி மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பச் சொல்லுங்கள். நான் கொடுத்தது காரியமல்ல, ‘ஏதோ’ என்ற சொல். நோயின் பெயர் எனக்குத் தெரியும். தெரிந்தும் ‘ஏதோ’ என்றேன். ‘ஆம்’ என்று முடித்தேன், பிறர் சொல்லிக் கேட்டவன் மாதிரி. நம் மொழியில் ‘ஆம்’ ஒரு அற்புதமான விகுதி. வாக்கியத்தை வாயில் போட்டுக்கொண்டு பொறுப்பை வெளியே துப்பிவிடலாம். உண்மையின் எடையையும் வதந்தியின் வேகத்தையும் ஒரே வாக்கியத்தில் நான் கட்டியிருந்தேன். இலக்கணத்தில் எனக்கு எப்போதும் நல்ல மார்க்.

கொசு நிரபராதி. நான் கொசுவாக இருக்க முடியாது என்பதுதான் சங்கடம்.

*

அம்மை என்று அந்த அம்மா சொன்னதை நான் அன்று மனசுக்குள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அதை வேறு விதமாகப் பார்க்கத் தோன்றுகிறது. அம்மை என்றால் ஒருத்தி வந்திருக்கிறாள். வந்தவளை உபசரித்துத் தணிவித்து அனுப்ப வேண்டும். யாரிடமிருந்து வந்தாள் என்ற கேள்வியே அங்கே எழாது. கடத்தி என்ற கருத்து வந்தவுடன் முதல் கேள்வியே அதுதான்: எங்கிருந்து? யார் மூலம்? அம்மையில் நோயாளி ஒரு கோயில். விஞ்ஞானத்தில் நோயாளி ஒரு ஊற்று, அடைக்க வேண்டும்.

இப்படிச் சொல்லிவிட்டு அம்மை பக்கம் சாய்ந்துவிடுவது இப்போதெல்லாம் ஒரு நாகரிகமாகியிருக்கிறது. நான் சாய மாட்டேன். பெரியம்மையை இந்தியாவிலிருந்து 1975ல் ஒழித்தது வேப்பிலை இல்லை. தடுப்பூசிக் குப்பியோடு வீடுவீடாக நடந்து, நோய் கண்ட வீட்டைச் சுற்றி வளைத்து ஊசி போட்டவர்கள். அவர்கள் கேட்டதும் ‘எங்கிருந்து, யார் மூலம்’ என்றுதான். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் என் தலைமுறைக்கு முகத்தில் குழி இருக்கும், அல்லது முகமே இருந்திருக்காது. கேள்வியில் தப்பில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டே நோயாளியின் வாசலுக்குப் போனார்கள். நான் கேட்டுக்கொண்டே என் வாசலுக்குள் வந்துவிட்டேன்.

தவிர, அந்த அம்மா வேப்பிலையோடு நின்றுவிடவில்லை. பத்து வெற்றிலையோடு மிளகும் கல்லுப்பும் வைத்து அரைத்து, வெல்லம் சேர்த்து, மாட்டின் நாக்கில் தடவிக்கொண்டிருந்தார். பாட்டி வைத்தியம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இந்த நோய்க்குப் பரிந்துரைத்திருந்ததும் அதுவே. புண்ணுக்குக் குப்பைமேனி, மஞ்சள், வேம்பு, தேங்காயெண்ணெய். ஆக, விஞ்ஞானமும் அம்மையும் கொட்டாய்க்குள்ளே ஒன்றாக வேலை செய்துகொண்டிருந்தபோது, வெளியே நின்று இரண்டுக்கும் சண்டை மூட்டிக்கொண்டிருந்தவன் நான்.

*

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதைத்தான் நான் முதலில் எழுத நினைத்தேன். தள்ளித் தள்ளி இங்கே வந்திருக்கிறது.

நம் பகுதிக்கும் கொசு சம்பந்தமான ஒரு பழைய சரித்திரம் உண்டு. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955ல் வேலூரில். நெல்வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைக் கொண்டுபோகிறது. கொக்கின் உடம்பிலும் நாரையின் உடம்பிலும் வைரஸ் சுகமாக இருக்கும். பன்றியின் உடம்பில் பெருகும். மாட்டைக் கடித்தால் அங்கே பெருகாது. மேலே வழியில்லாமல் நின்றுவிடும். விஞ்ஞானிகள் இப்படிப்பட்ட உடம்புக்கு முட்டுச்சந்து என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். மனித உடம்பும் அந்த வைரஸுக்கு முட்டுச்சந்துதான். வைரஸின் பார்வையில் செத்துப்போன குழந்தையும் அசைபோடும் மாடும் ஒன்று: வழி தவறி நுழைந்த இடம். இதைப் படித்த அன்று என் வீட்டு விலாசம் எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது.

இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. மாட்டைக் கடிக்க விரும்பும் கொசுக்கள் நிறைய. எனவே வீட்டுக்கும் கொசுவுக்கும் நடுவே மாட்டைக் கட்டினால் கடி மாட்டோடு போய்விடும், மனிதன் தப்பிப்பான். மலேரியா விஷயத்தில் உலக சுகாதார நிறுவனமே ஒரு காலத்தில் இதை ஒரு வழிமுறையாகச் சொல்லியிருக்கிறது. பிறகு வேறு சிலர், மாடு இருந்தால் கொசுவுக்குச் சாப்பாடு அதிகம், கொசு பெருகும், மிச்சம் மனிதனுக்கு வரும் என்றார்கள். ஊருக்கு ஊர், கொசுவுக்குக் கொசு, தொழுவம் இருக்கும் தூரத்துக்குத் தக்கபடி விடை மாறுகிறது. அந்த விவகாரம் அவர்களுக்கு. எனக்கு அதைப் படித்ததும் ஞாபகம் வந்தது என் ஜன்னல்.

என் வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் வலை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவைச் சாத்துவோம். பிறகு சுருள், இப்போது செருகி வைக்கிற திரவம். சந்தில் எல்லா வீடும் அப்படியே. எங்கள் காலி மனைகளில், எங்கள் குளியலறைத் தண்ணீரில் பிறந்த கொசுக்கள் ஆறு மணிக்கு எழுந்து வரும்போது சந்து முழுக்க அடைத்திருக்கும். திறந்திருப்பது ஒரே இடம், தகரக் கொட்டாய். வலை கொசுவைக் கொல்வதில்லை. வேறு இடத்துக்கு அனுப்புகிறது. நாங்கள் பதினெட்டு வீட்டுக்காரர்களும், யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளாமல், எங்கள் கடியை இரண்டு பசுவுக்கும் ஒரு கன்றுக்கும் ஒதுக்கியிருந்தோம். பிறகு அது பலித்தபோது, பாலை நிறுத்தினோம்.

இதை விதி என்றோ சுரண்டல் என்றோ பெரிய சொல்லில் அடைக்க எனக்கு விருப்பமில்லை. வலையைக் கழற்றிவிடப் போகிறேனா? இல்லை. பேத்திக்கு டெங்கு வந்தால் யார் பார்ப்பது? என் பாதுகாப்பு என்று நான் நினைப்பதில் எவ்வளவு பங்கு வெறும் இடமாற்றம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. தெரிந்துகொள்வதற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தை நம் ஒழுக்க நூல்கள் பலவீனம் என்று சொல்லித் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அது பலவீனமாகத் தெரியவில்லை. அங்கேதான் நாம் பெரும்பாலும் குடியிருக்கிறோம்.

ஃபின்லாந்தின் வடக்கே ரெயின்டீர் என்கிற பனிமான்களை மந்தையாக மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1973ல் அங்கே பல்லாயிரக்கணக்கில் பனிமான்கள் செத்தன. வயிற்றறையில் நூல் நூலாகப் புழு. நம் யானைக்கால் புழுவின் தூரத்து உறவு. அதே மாதிரி கொசு வழியாகப் பரவுவது. 2003லிருந்து மறுபடியும் வந்தது. கோடை சூடாக இருந்தால் கொசுவுக்குள் புழு முதிர்கிறது, அடுத்த வருஷம் மந்தை மெலிகிறது. பனிப்பிரதேசத்தில் கொசுவா என்று நானும்தான் கேட்டேன். கோடையில் அங்கே கொசு மேகமாக வருமாம். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் பனிமான் மேய்ப்பவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள்: ஈரமான விறகை வைத்துப் புகைமூட்டம் போடுகிறார்கள். மான்கள் தாமாகவே வந்து புகைக்குள் நிற்கின்றன. மனிதனும் அதே புகைக்குள். சந்துத் திருப்பத்தில் அந்த அம்மா சாயங்காலம் சாணி வரட்டியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவார். முதலில் கொட்டாய்க்கு. பிறகு அதே சட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள். புகை எங்கள் துணிக்கொடிக்கு வருகிறது என்று சந்தில் ஒருமுறை புகார் எழுந்தது. எழுதிக் கொடுத்தது நானில்லை. கையெழுத்து இருந்தது.

*

எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தியைப் பார்த்திருப்பீர்கள். சிவன் கோயில் நந்தி ஸ்வாமியைப் பார்த்துத்தான் இருக்கும். இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. தொண்டைமான் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்க, அவன் வாளால் வெட்ட, லிங்கத்தின்மேல் பட்டு ரத்தம் வந்ததென்று ஸ்தலபுராணம். மன்னிப்புக் கேட்டவனுக்குத் துணையாக, குறும்பர்களை ஜயிக்க, ஸ்வாமி நந்தியை அனுப்பினாராம். அதனால் அது புறப்படுகிற நிலையிலேயே நின்றுவிட்டது. குறும்பர் ஆடு மேய்த்தவர்கள் என்றும் சொல்வதுண்டு. மேய்ப்பவர்கள்மீது ஏவப்பட்ட மாடு. வெட்டுக்காயம் பட்ட லிங்கத்துக்குச் சந்தனக்காப்பு. பெயர் மாசில்லாத மணி.

கறுப்புப் பசு நோயாய் இருந்த வாரம் நான் அங்கே போயிருந்தேன். வெளியே பார்க்கும் காளை, தழும்போடு இருக்கும் கடவுள், சந்தனத்துக்குக் கீழே காயம். ஒரு சிறுபத்திரிகைக் கவிதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் தயாராக இருந்தது. குறியீடு தானாக வந்து மடியில் உட்காருகிற சமயத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியும். கொட்டாய் முந்நூறு அடி தூரத்தில் இருக்கும்போது நான் கோயில் பிராகாரத்தில் நின்றுகொண்டு மாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கவிதை எழுதவில்லை. கொட்டாய்க்கும் போகவில்லை.

கன்று செத்துப்போயிற்று. பசு தேறியது. கழலைகள் உதிர்ந்த இடத்தில் மயிர் முளைக்காமல் வட்டம் வட்டமாகத் தழும்பு. பால் பழைய அளவுக்கு வரவில்லை. நிறுத்தின வீடுகளில் ஐந்து பாக்கெட்டுக்கு மாறிவிட்டன, திரும்பவில்லை. இன்னொரு கறவையை அந்த அம்மா பூந்தமல்லிப் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட்டார். என்ன விலைக்கு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். என்ன சொல்வது என்று நாலைந்து வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். எல்லாம் பெரிய வாக்கியங்கள். அவர் மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், வாங்கி அரை லிட்டர் அளந்து ஊற்றினார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. “லிட்டருக்கு நாலு ரூபா ஏத்திட்டேன் சார், புண்ணாக்கு விலை அப்படி இருக்கு” என்றார். சரி என்றேன். நான் போகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, சட்டியைக் காலால் லேசாக நகர்த்தினார்.

“தள்ளி நில்லுங்க சார். பொகை உங்க மேல வருது.”